ஒற்றை நாற்றும் ஒரு வாய்க்கால் ஆய்வாளர்களும்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. கல்லணையைத் தாண்டி வரும் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து வயல்களுக்குள் இறங்கத் தொடங்கும் தலைமடைப் பகுதி இது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்துவிட்டால் பூதலூர் வட்டம் முழுவதும் குறுவைப் பேச்சுதான். எந்த ரகம், எவ்வளவு உரம், ஆள் கிடைக்குமா, டிராக்டர் எப்போது வரும் என்று எல்லாவற்றையும் விவாதிப்பார்கள். விவாதத்துக்கே வராத சில விஷயங்களும் உண்டு. நாற்று இருபத்தைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். குத்துக்கு நான்கைந்து நாற்று வைக்க வேண்டும்; ஒன்று போனாலும் மற்றது நிற்கும். நட்ட வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு வயலைப் பார்த்து நல்ல வெள்ளாமை என்று சொல்வதற்கு முன்பே கண் இந்த மூன்றையும் சரிபார்த்துவிடும்.

2000க்குப் பிறகு இந்த வயல்களுக்கு வந்து சேர்ந்த ஒரு யோசனை மூன்றையும் மறுத்தது. பதினான்கு நாள் நாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. குத்துக்குக் குத்து, எல்லாப் பக்கமும் 22.5 செ.மீ. இடைவெளி. தண்ணீர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக. களையைப் பறித்து வரப்பில் போடாமல், உருளைக் கருவியை ஓட்டி அங்கேயே சேற்றில் அமுக்கிவிட வேண்டும். ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை விட்ட இடத்தில் மூன்று கிலோ போதும். செம்மை நெல் சாகுபடி என்றும் திருந்திய நெல் சாகுபடி என்றும் அரசும் பல்கலைக்கழகமும் பெயர் வைத்தன. ஊரில் அது ஒற்றை நாற்று நடவு.

இதில் விற்பதற்கு எதுவுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புது ரகம் இல்லை, புது மருந்து இல்லை, காப்புரிமை இல்லை. பொதுவாக ஒரு புதிய தொழில்நுட்பம் பிறந்தால் அதைச் சுற்றி ஒரு ஆய்வகம் இருக்கும், பணம் போடும் நிறுவனம் இருக்கும், பட்டம் வாங்க வரும் மாணவர்கள் இருப்பார்கள். அறிவியல் கூட்டம் தானாகவே சேரும். ஆய்வகத்தில் பிறக்காத, யாருக்கும் சொந்தமில்லாத, பாடப்புத்தகம் தவறென்று சொல்கிற ஒரு முறையைச் சுற்றி ஆய்வாளர்கள் எப்படிச் சேர்வார்கள்? யார் சேர்ப்பார்கள்? சேர்ந்தவர்கள் எதை உண்மை என்று ஒப்புக்கொள்வார்கள்? ஒற்றை நாற்றின் வரலாறு இந்தக் கேள்விகளின் வரலாறும்தான். அதற்குள் போகுமுன் நாற்றையே பார்த்துவிடுவோம்.

நெற்பயிர் தன் இலைகளை ஒரு கணக்கோடு விடுகிறது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையில், வெப்பமும் நீரும் சரியாக இருந்தால், ஏறத்தாழ ஐந்து நாள். இந்த இடைவெளிதான் பயிரின் கடிகாரம். ஒவ்வொரு சுற்றிலும் கணு, இலை, வேர் மூன்றும் ஒரே அலகாக உருவாகின்றன. அந்தக் கணுவிலிருந்து ஒரு தூரும் வெடிக்க முடியும். முதல் சுற்றில் தாய்த்தண்டு மட்டும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் புதுத் தூர் எதுவும் இல்லை. நான்காவதில் முதல் பக்கத்தூர் வருகிறது. அடுத்து ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக 1, 2, 3, 5, 8, 12, 20, 31 என்று பெருகிப் பன்னிரண்டாவது சுற்றின் முடிவில் ஒரே விதையிலிருந்து 84 தூர் வரை கணக்கில் சாத்தியம். பக்கத்தூர் தன் கணுக்களிலிருந்து மறுபடி தூர் விடுவதால்தான் இந்த ஏற்றம். ஜப்பானில் கதயாமா என்ற ஆய்வாளர் 1920களிலும் 30களிலும் வயலில் நின்று எண்ணிக் கண்டுபிடித்த ஒழுங்கு இது.

நான்காவது சுற்று தொடங்குவது பதினைந்தாம் நாள் வாக்கில். நாம் நாற்றைப் பிடுங்குவது இருபத்தைந்து, முப்பதில். அதாவது முதல் பக்கத்தூரும் அதன் வழியாக வரவேண்டிய தூர்களும் கிளம்பும் நேரம் பார்த்து வேரை அறுக்கிறோம், முடிச்சாகக் கட்டுகிறோம், வெயிலில் போடுகிறோம். நட்ட பிறகு நாற்று மஞ்சளடித்து நிற்கும் அந்த ஒரு வாரம், பத்து நாளில் கடிகாரம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பதினான்கு நாளுக்குள், வேரில் மண்ணோடு, விதை உமி ஒட்டியபடியே எடுத்து அரைமணி நேரத்துக்குள் நட்டுவிட்டால் கடிகாரம் நிற்பதில்லை.

வேரின் கதையும் உண்டு. நெல் தண்ணீரில் பிழைக்கும் பயிர்தான்; வேருக்குள் காற்றுக் குழல்களை உருவாக்கிக்கொண்டு இலையிலிருந்து ஆக்சிஜனை இறக்கும். ஆனால் பிழைப்பது வேறு, செழிப்பது வேறு. எப்போதும் மூழ்கிய மண்ணில் பூக்கும் பருவத்துக்குள் வேரின் பெரும்பகுதி கறுத்துச் செத்துவிடுகிறது. மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் வேர் வெளுப்பாக, ஆழமாக நிற்கிறது. உருளைக் கருவி ஓட்டும்போது மேல்மண் கிளறப்பட்டுக் காற்றும் உள்ளே போகிறது.

இவ்வளவும் நம்பத்தக்க செடியியல். சண்டை எங்கே வந்ததென்றால், ஒரு குத்தின் செழிப்பு ஒரு வயலின் விளைச்சலாகுமா என்ற இடத்தில். 22.5 செ.மீ. இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் இருபது குத்துதான். வழக்கமான நடவில் அது முப்பத்து மூன்று முதல் ஐம்பது வரை. குறைந்த குத்துகள் கூடுதல் தூர் விட்டு இழப்பை ஈடுகட்டலாம். அதைத் தாண்டிப் போகவும் முடியுமா? பயிரின் விளைச்சலுக்கு உச்சவரம்பு வைப்பது கடைசியில் சூரிய ஒளி. ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியைவிட அதிகமாக எந்தச் சாகுபடி முறையும் தானியமாக மாற்றிவிட முடியாது.

இந்த முறையைத் தொகுத்தவர் ஒரு பாதிரியார். வேளாண்மை படித்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஹென்ரி தெ லொலானியே 1961இல் மடகாஸ்கர் போனவர். அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து அவர்கள் செய்வதில் எது பலிக்கிறது என்று வருடக்கணக்காகக் குறித்துவந்தார். 1983இல் அன்ட்சிராபே என்ற ஊரில் மழை தவறியதால் பதினைந்து நாள் நாற்றையே நடவேண்டி வந்தது. அது கெடவில்லை, அசாதாரணமாகத் தூர் விட்டது. கதயாமாவின் கணக்கு அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1990இல் மலகாசி நண்பர்களோடு சேர்ந்து தெஃபி சைனா என்ற சங்கத்தை அமைத்தார். 1995இல் இறந்தார். அவர் செய்ததை உலகின் நெல் ஆய்வாளர்கள் அப்போது அறிந்திருக்கவே இல்லை.

அதை வெளியே கொண்டுவந்த நார்மன் அப்ஹாஃப் நெல் விஞ்ஞானி அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர். இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி இதுதான். அவருடைய முந்தைய பெரிய வேலை இலங்கையின் கல் ஓயா பாசனத் திட்டத்தில். 1980களில் அங்கே தண்ணீருக்காக ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த உழவர்கள், வாய்க்கால் வாய்க்காலாகக் குழு அமைத்துத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதை அருகிலிருந்து பார்த்தவர், அதற்கு உதவியவர். ஆகவே மடகாஸ்கரில் எக்டருக்கு இரண்டு டன் விளைந்த உழவர்கள் எட்டு டன் எடுப்பதாகக் கேள்விப்பட்டபோது அவர் உடனே நம்பிவிடவில்லை. மூன்று பருவம் பார்த்தார். பிறகு அவர் தொடங்கியது ஆட்களைச் சேர்க்கும் வேலை. சீனாவில் நான்ஜிங், இந்தோனேசியா என்று 1999இல் முதல் சோதனைகள் நடந்தன. 2002 ஏப்ரலில் சீனாவின் சான்யா நகரில் முதல் பன்னாட்டுக் கூட்டம். வீரிய ஒட்டு நெல்லின் தந்தை யுவான் லோங்பிங்கின் ஆய்வு மையம் அதை நடத்த முன்வந்தது. மரபான விஞ்ஞானிகள் வாசலில் நிறுத்தியிருந்த ஒரு முறைக்கு இப்படிப்பட்ட ஒருவர் கதவு திறந்தது சாதாரண உதவியல்ல.

எதிர்ப்பு 2004இல் உச்சத்துக்குப் போனது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஷீஹியும் கூட்டாளிகளும் சீனாவில் மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதில் கூடுதல் விளைச்சல் இல்லை என்று எழுதினார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த பதினைந்து, இருபது டன் கணக்குகள் ஒளியின் வரம்பையே மீறுகின்றன என்றும் காட்டினார்கள். தாமஸ் சின்க்ளேர் என்ற பயிரியல் அறிஞர் இதைப் பறக்கும் தட்டுகளின் வரிசையில் வைத்தார்: ஆய்வு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. 2006இல் கார்னெலைச் சேர்ந்த மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிஹா மூவரும் கிடைத்த தரவுகளைத் தொகுத்து, மடகாஸ்கருக்கு வெளியே சிறந்த வழக்கமான முறையை இது மிஞ்சவில்லை என்றார்கள். அப்ஹாஃபின் சொந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்த மறுப்பு அது.

இந்த மறுப்புகளைப் பழைமைவாதம் என்று தள்ளுவது நியாயமல்ல. இருபது டன் கணக்கு தவறாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதைச் சொன்னது அறிவியலுக்கு நல்லது. ஆனால் மறுத்தவர்கள் ஒப்பிட்டது உரமும் நீரும் ஆளும் குறைவின்றிக் கிடைக்கும் ஆய்வுப் பண்ணையின் சிறந்த முறையோடு. பூதலூர் வட்டத்து உழவர் ஒப்பிடுவது தன் வயலில் போன வருஷம் விளைந்ததோடு. இரண்டும் நேர்மையான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைத்ததுதான் பிழை.

தமிழ்நாட்டில் இரண்டாவது கேள்வியைக் கையில் எடுத்தவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் டி.எம். தியாகராஜன். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தோடு நடந்த நீர்ச் சிக்கன ஆய்வின் பகுதியாக 2000இல் கோவையில் சோதனைகள் தொடங்கின. சான்யா கூட்டத்தில் அந்த முடிவுகள் பேசப்பட்டன. அதன்பின் அவரும் சக ஆய்வாளர்களும் செய்தது துணிச்சலான காரியம்: ஆய்வுப் பண்ணையில் இன்னும் ஐந்து வருடம் உட்கார்ந்திருக்காமல், மாநில அரசின் நிதியோடு 2003-04இல் தாமிரபரணி, காவிரிப் படுகைகளில் உழவர்களின் வயல்களுக்கே போனார்கள். ஒவ்வொரு உழவரும் ஒரு பகுதியில் புது முறையையும் பக்கத்திலேயே தன் வழக்க முறையையும் செய்தார். தாமிரபரணிப் படுகையில் நூறு உழவர்களின் சராசரி எக்டருக்கு 7,227 கிலோ. அதே உழவர்களின் வழக்க முறையில் 5,657 கிலோ. பதினைந்து டன்னும் இல்லை, பூஜ்யமும் இல்லை. சண்டையின் இரு தரப்புக்கும் ஒத்துவராத, ஆனால் ஓர் உழவருக்குப் பயன்படும் எண்.

அந்தச் சோதனையில் வேலை ஆட்களின் கணக்கும் எடுத்தார்கள். பெண்களின் வேலை நேரம் குறைந்திருந்தது. ஆண்களின் வேலை கூடியிருந்தது. களைபறிப்பு பெண்கள் கையிலிருந்து கருவி ஓட்டும் ஆண்களிடம் போனதுதான் காரணம். குறைந்தது வேலை மட்டுமா, கூலியுமா என்ற கேள்வி அப்போதே வந்திருக்க வேண்டும்.

ஆந்திராவில் அலபதி சத்தியநாராயணா என்ற வேளாண் விரிவாக்க இயக்குநர் 2003இல் இலங்கை போய், அங்கே பிரேமரத்ன என்ற உழவரின் வயலைப் பார்த்துத் திரும்பிய அதே காரிஃப் பருவத்தில் மாநிலம் முழுவதும் சோதனைகளை வைத்தார். உலக இயற்கை நிதியமும் ஹைதராபாத்தின் இக்ரிசாட்டும் இணைந்து நடத்திய திட்டத்தின் வழியாக பிக்‌ஷம் குஜ்ஜா இவர்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டினார். 2006இல் ஹைதராபாத், 2007இல் அகர்தலா, 2008 டிசம்பரில் கோவை என்று மூன்று தேசியக் கருத்தரங்குகள். பேராசிரியர், பாசனப் பொறியாளர், தொண்டு நிறுவனத்தார், கருவி செய்யும் பட்டறைக்காரர், உழவர் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். களை உருளையின் எடையைக் குறைப்பது, இடைவெளிக் கோடு போடும் மார்க்கரை உள்ளூர்ச் சேற்றுக்கேற்ப மாற்றுவது போன்ற கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் பட்டறைகளிலும் வயல்களிலும்தான் நடந்தன. அவை ஆய்வுக் கட்டுரையாக வந்திருந்தால் யாருடைய பெயரில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஒற்றை நாற்று தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. 1911இலேயே இதைப் பற்றித் தமிழில் கைநூல் வந்திருக்கிறது. சென்னை மாகாண வேளாண் துறை அதைப் பரப்பவும் முயன்றது. தியாகராஜனும் குஜ்ஜாவும் அந்த ஆவணங்களைத் தேடியெடுத்து எழுதியிருக்கிறார்கள். அது மறைந்துபோனதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: அந்த முறையைச் செய்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்து, கண்டதை ஒப்பிட்டு, அடுத்த பருவத்துக்குத் திருத்திக்கொள்ளும் அமைப்பு எதுவும் அன்று இல்லை. நூல் அச்சானது, கூட்டம் கூடவில்லை.

கூட்டம் கூட்டுவதைப் பற்றிப் பேசும்போது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து இளங்காட்டைச் சொல்லாமல் போக முடியாது. கோ. நம்மாழ்வார் 1938இல் பிறந்த ஊர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1960களின் தொடக்கத்தில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அங்கே நடக்கும் ஆய்வு மானாவாரி உழவருக்கு உதவாது என்று கண்டு வேலையை விட்டவர். அதற்குப் பிறகு 2013இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்தே ஒரு கூட்டத்தை உருவாக்கினார். ஒற்றை நாற்று நடவும் அவர் கையிலெடுத்தவற்றில் ஒன்று. ரசாயனம் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பல்கலைக்கழகம் உரத்தோடு சேர்த்துப் பரிந்துரைத்தது. ஒரே முறை, இரண்டு பாசறைகள். இரண்டும் ஒன்றின் தரவை மற்றொன்று எடுத்துப் பார்த்திருந்தால் டெல்டா மண்ணுக்கு என்ன பொருந்தும் என்பது விரைவில் தெளிந்திருக்கும். அவருடைய வழிவந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு நல்ல விதி இருந்தது: இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த வருஷம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்தக் கூட்டத்தை உயிரோடு வைத்தது.

ஏற்கப்படாத அறிவியலைச் சுற்றிச் சேரும் கூட்டம் எல்லாமே இப்படி வளர்வதில்லை. 1989 மார்ச்சில் அமெரிக்காவின் யூட்டாவில் ஃப்ளைஷ்மனும் பான்ஸும் அறை வெப்பநிலையில் அணுக்கரு இணைவை நடத்திவிட்டதாக அறிவித்தார்கள். பி.கே. அய்யங்காரின் ஊக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பல குழுக்கள் அதே ஆண்டு சோதனை செய்து, தமக்கும் ட்ரிட்டியம் கிடைத்ததாகச் சொன்னார்கள். உலகின் பெரும்பாலான ஆய்வகங்களில் அது திரும்ப நடக்கவில்லை. முதன்மை ஆய்விதழ்கள் கதவடைத்தன. நம்பியவர்கள் தமக்கென்று மாநாடுகள் அமைத்துக்கொண்டார்கள். பதினாறாவது மாநாடு 2011 பிப்ரவரியில் சென்னையில், பாபா மையத்தின் முன்னாள் விஞ்ஞானி எம். சீனிவாசன் முயற்சியில் நடந்தது. நேர்மையும் பொறுமையும் உள்ள மனிதர்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய விலையுயர்ந்த கருவிகள் வேண்டும், வெளியாள் ஒருவர் தன் வீட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை, நடக்கும்போது நடக்கும் நிகழ்வை நடக்கவைக்கத் தெரியவில்லை. இருபதாண்டு கழித்தும் பெரும்பாலும் அதே முகங்கள்.

ஒற்றை நாற்றின் பலம் அதற்கு நேர் எதிரானது. சந்தேகப்படும் உழவர் ஒருவர் தன் நிலத்தில் பத்துக் குழியை ஒதுக்கி, ஒரு பருவத்தில், ஏறக்குறையச் செலவில்லாமல் சோதித்துவிடலாம். பலவீனமும் அங்கேயேதான்: ஒவ்வொருவரும் தன் வசதிக்கேற்ப மாற்றிச் செய்வார். ஒருவர் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்வார், இன்னொருவர் கருவியை மட்டும். கே. பழனிசாமியும் சக ஆய்வாளர்களும் பதின்மூன்று மாநிலங்களில் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்ட முடிவு இதைச் சொல்கிறது: நான்கு முக்கியக் கூறுகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடித்தவர்கள் 41 விழுக்காடு, இரண்டு, மூன்றைக் கடைப்பிடித்தவர்கள் 39, எல்லாவற்றையும் செய்தவர்கள் 20 மட்டுமே. முழுமையாகச் செய்தவர்களின் விளைச்சல் உயர்வு 31 விழுக்காடு. அரைகுறையாகச் செய்தவர்களும் வழக்க முறையைவிட அதிகம்தான் எடுத்தார்கள். ஆய்வுப் பண்ணை விவாதம் எதுவும் தந்திராத தெளிவு இந்தக் கணக்கில் இருக்கிறது. உழவர்கள் இதை ஒரு தொகுப்பாக ஏற்கவில்லை, பிரித்துச் சோதித்தார்கள். அதுவும் ஆராய்ச்சிதான்.

இந்த நேரத்தில் அரசு முழு வேகத்தில் நுழைந்தது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவை ஒட்டி இந்த முறைக்கு இராஜராஜன் 1000 என்று பெயர் சூட்டினார்கள். மார்க்கரும் உருளையும் மானியத்தில் வந்தன. வட்டாரத்துக்கு இத்தனை எக்டர் என்று இலக்கு வந்தது. அரசு இல்லாமல் இது இவ்வளவு பேரை எட்டியிருக்காது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இலக்கு வந்ததும் கேள்வி மாறிவிடுகிறது. "உங்க வயலில் என்ன நடந்தது?" என்று கேட்ட வேளாண் அலுவலர் "எத்தனை ஏக்கர் எழுதிக்கலாம்?" என்று கேட்க வேண்டியவராகிறார். சரிவராத வயலின் கதையைச் சொல்ல யாருக்கும் காரணமில்லாமல் போகிறது. ஓர் ஆய்வுச் சமூகத்துக்குச் சோறு போடுவது சரிவராத வயல்கள்தான்.

சரிவராத இடம் டெல்டாவில் எது என்று இங்குள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தண்ணீர். மடகாஸ்கர் மலைச்சரிவில் ஓர் உழவர் தன் பாத்தியைத் தானே காயவிடலாம். இங்கே பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல்வயலில் வெட்டிவிட்டால் நம் வயல் நிறையும். நம் வயலை நாம் காயவைத்தால் கீழ்வயல்காரர் பட்டினி கிடப்பார். முறைவைத்துத் தண்ணீர் விடும் நாள்களில், வரும்போது பிடித்து வைக்காதவருக்கு அடுத்த முறை எப்போதென்று தெரியாது. 2012 முதல் 2019 வரை ஜூன் 12இல் மேட்டூர் திறக்கப்படவே இல்லை என்பதை அனுபவித்தவர்களிடம் வயலைக் காயவிடச் சொல்வது எளிதல்ல. சம்பாவில் சிக்கல் தலைகீழ்: பதினான்கு நாள் நாற்று நட்ட வாரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் வயல் குளமாகி நாற்று மூழ்கிவிடும். ஆற்றுப் படுகையை ஒட்டி, குழாய்க் கிணறும் வடிகாலும் உள்ள திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் குறுவைக்குச் சரிப்பட்டது, நாகைப் பக்கத்துக் கடைமடையில் சரிப்படாததில் வியப்பில்லை.

ஆகவே இங்கே சோதனையின் அலகு ஒரு வயல் அல்ல, ஒரு வாய்க்கால். ஊருக்கு ஒரு முன்னோடி உழவரைத் தேர்ந்து, சாலையோரம் பலகை நட்டு நடத்தும் செயல்விளக்கம், காய்ச்சல் பாய்ச்சலைச் சோதிக்கவே இல்லை. அந்த ஒருவர் தன் பம்புசெட்டைக் கொண்டு எப்படியோ சமாளித்திருப்பார். பக்கத்து வயல்களுக்கு அது பாடமாகாது. கல் ஓயாவில் வாய்க்கால் குழுக்களைப் பார்த்த ஒருவர் உலகுக்கு எடுத்துச் சொன்ன முறை, காவிரியில் வாய்க்காலைக் கூட்டாமலே பரப்பப்பட்டது என்பது என் நெடுநாள் வருத்தம்.

இன்னொரு விடுபடல் நடவுப் பெண்கள். பதினான்கு நாள் நாற்றை இரண்டு விரலுக்கிடையே பிடித்து, வேர் மேல்நோக்கி மடங்காமல், சேற்றில் பக்கவாட்டில் வழுக்கி வைக்க வேண்டும். அமுக்கி நட்டால் வேர் வளைந்து பயிர் ஒரு வாரம் தாமதிக்கும். இந்த வேறுபாடு முழுவதும் அந்தப் பெண்களின் விரலில் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் குத்தகை பேசி வரும் குழுவுக்கு, கோடு பார்த்து ஒற்றை நாற்று நடுவது ஆரம்பத்தில் வேகத்தைக் குறைத்துக் கூலியைக் குறைக்கும். பழகிய பிறகு நாற்றுச் சுமையும் குறைவு, நடவும் விரைவு. பழகும்வரையான இழப்பை யார் ஏற்பது? எந்த வயலில் எந்தச் சேற்றில் எத்தனை நாற்று செத்தது என்பதை உழவரைவிட, விஞ்ஞானியைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு பருவத்தில் பல வயல்களைக் கையால் தொட்டு ஒப்பிடுபவர்கள் அவர்கள் மட்டுமே. கருத்தரங்குகளில் அவர்களைக் கூலிச் செலவாக எண்ணினார்கள், ஆய்வாளராக எண்ணவில்லை.

இன்று டெல்டாவில் முழு வடிவில் இந்த முறையைத் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் கிடைக்கும். அதன் துண்டுகள் எங்கும் இருக்கின்றன. இயந்திர நடவு வந்தபோது பாய் நாற்றங்காலும் இளம் நாற்றும் யாருக்கும் அச்சமூட்டவில்லை. ஒற்றை நாற்றுக் காலத்தில் கண் பழகியிருந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமே துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம் என்ற முறையைப் பரப்புகிறது. மூழ்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. பலமுறை காயவிட்டால் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. விளைச்சலுக்காகச் சண்டையிட்ட இரு தரப்பும் நீரிலும் காற்றிலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்த பிறகு இது நமக்கு ஏட்டுப் பிரச்சினை இல்லை.

குடமுருட்டியிலிருந்து பிரியும் ஏதாவதொரு சிறு வாய்க்காலை எடுத்துக்கொண்டு இதை மறுபடி தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தஞ்சை காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வாய்க்காலில் பாயும் எல்லோரும், தலைப்பிலிருந்து கடைசி வயல்வரை, நடவுக் குழுவை அழைத்துவரும் பெண்களும் சேர்ந்து உட்கார வேண்டும். முதலில் அளவை ஒப்புக்கொள்ள வேண்டும்: விஞ்ஞானி எக்டருக்கு டன் என்பார், ஈரப்பதம் கழித்து, இங்கே மாவுக்கு இத்தனை மூட்டை என்றுதான் பேச்சு, ஈரத்தோடு. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையை எல்லோர் கண்முன்னும் செய்து, அதை மூட்டையாகவும் மாற்றி எழுதலாம். நடவுப் பெண்களுக்குப் பழகும் பருவத்துக் கூலி இழப்பைத் திட்டமே ஏற்க வேண்டும்; செத்த குத்துகளை எண்ணிச் சொல்வதற்குத் தனிச் சம்பளமும் தர வேண்டும். முதல் வருஷம் நாற்றின் வயதையும் எண்ணிக்கையையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஒவ்வொரு வயலிலும் துளைக்குழாய் ஒன்றைப் புதைத்து, குறுவை நடவிலிருந்து அறுவடைக்குப் பத்து நாள் முன்பு மடை அடைக்கும்வரை நீர்மட்டத்தை மட்டும் தினமும் குறித்து, வாரம் ஒருமுறை மேல்வயலும் கீழ்வயலும் சேர்ந்து அந்தக் குறிப்பைப் படித்தால் போதும். எந்த வயல் எந்த நாளில் காய முடியும் என்பது அதில் தெரிந்துவிடும். ஒற்றை நாற்றை எங்கே வைப்பது என்ற பேச்சை அடுத்த குறுவைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.